மஞ்சள் விளக்கும் துவரங்குறிச்சி ஏற்றமும்

1

போன சனிக்கிழமை ஒரு பெட்ரோல் பங்கில் நின்று கைதட்டி, மகளிடம் திட்டு வாங்கினேன்.

பங்க் இருப்பது தெற்கு ஜெர்மனியில், நாங்கள் ஒன்பது வருடமாகக் குடியிருக்கும் சின்ன ஊரில். காருக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய் டேங்கர் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அமர்த்தினார். இறங்கினார். பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு சுவிட்சைத் திருகிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் வண்டிக்கு அடியில் ஒரு குட்டி மோட்டார் ‘உர்ர்’ என்று கொஞ்ச நேரம் ஓடி, வேலையை முடித்துத் தானாக ஓய்ந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் கைதட்டினேன்.

“மாமா, பிட்டே!” என்றாள் மகள் மதி. அம்மா, தயவுசெய்து என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள் அம்மாவை மாமா என்பார்கள். ஊரிலிருந்து போன் செய்யும் என் அண்ணனுக்கு இதில் ஒரே கொண்டாட்டம், தன்னைத்தான் மருமகள் சதா கூப்பிடுகிறாள் என்று. பதினொரு வயதாகிவிட்டது அவளுக்கு. என்னோடு கடைக்கு வந்தால் பத்தடி தள்ளி நடக்கிறாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். அன்று காரில் ஏறியதும், “அந்த ஆளை உனக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “பிறகு ஏன்?” என்றாள்.

அவளுக்கு வீடு வந்து சேரும்வரை சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். இதில் பாதி, நம் திருச்சி ரோட்டில் நடந்தது.

2

என் பெயர் செல்வராணி. சொந்த ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கம். அய்யா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். பிறகு லாரியில் மூட்டை ஏற்றி, கிளீனராகி, டிரைவராகி, என்னைப் பசுமலையில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். ஊரில் அவர் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் ‘ஏய்’தான்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. ஒரு அதிகாரியம்மா எட்டிப்பார்த்து, “ஃப்ராவ் கருப்பையா!” என்றார். திருமதி கருப்பையா. யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். கணவர் விலாவில் இடித்த பிறகுதான், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அய்யா பெயர் இருப்பது எனக்கு உறைத்தது. உள்ளே போனதும் அந்த அம்மா, மகளுக்கு வேறு குடும்பப் பெயர், கணவருக்கு வேறு, எனக்கு வேறு, ஆக நீங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். ஆதாரம் கொண்டுவந்து கொடுத்து ஓய்வதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது. விரும்பினால் கணவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். கோட்டும் சூட்டும் போட்டவர்கள் எழுந்து நின்று அய்யா பெயரைச் சொல்லிக் கை குலுக்குகிறார்கள். அதை யாராவது விடுவார்களா?

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய டீசல் லாரிகளின் எஞ்சினுக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. வண்டி விடும் புகை சுத்தமாக இருக்கிறதா என்று ஓடும்போதே காவல் காப்பது அதன் வேலை. இந்தப் புது வண்டிகளில் யூரியா கரைத்த தண்ணீரைப் புகைக்குழாயில் தெளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கெட்ட வாயு அதில் அடங்கிப்போகும். தெளிப்பு சரியில்லை என்றால் டிரைவர் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் மதிக்காமல் ஓட்டினால் கணினி எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். லோடு லாரி மாட்டு வண்டி வேகத்தில் ஏற்றம் ஏறும். எப்போது விளக்கு எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

அய்யாவுக்குப் போனில் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“வயலுக்குப் போடுற யூரியாவ வண்டிக்கா ஊத்துறான்? அப்ப அங்க வெள்ளாமைக்கு என்ன செய்வான்?” என்றார்.

3

இரண்டு கோடைக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. வெயில் நாடுகளுக்கு விற்கப்போகும் எஞ்சினை வெயில் நாட்டிலேயே ஓட்டிப் பார்ப்பது. ஸ்பெயின் என்றார்கள் சிலர். நான் மதுரை என்றேன். கூட்டத்தில் எழுந்து நின்று, கத்திரி வெயிலைப் பற்றியும் எங்கள் டிரைவர்களின் திறமையைப் பற்றியும் பேசினேன். எனக்கு அப்போது ஜெர்மன் ஓரளவு வந்துவிட்டது. முன்பொருமுறை என் மேலாளர் டீட்டர் வீட்டு விருந்தில், ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பதை அப்படியே ஜெர்மனில் போட்டுச் சொன்னேன். அவர்கள் பேச்சில் அதற்கு ‘எனக்குப் போதை ஏறிவிட்டது’ என்று பொருளாம். டீட்டரின் மனைவி என் முன்னால் இருந்த ஆப்பிள் சாற்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று காட்டவும் அன்று கொஞ்சம் அதிகமாகவே பேசினேன்.

மூன்று லாரிகள் வந்தன, கூடவே டீட்டரும் நானும். வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்க ஒத்தக்கடையில் ஒரு செட்டு பிடித்தோம். மதுரையிலிருந்து திருச்சிக்குச் சிமெண்டு லோடு, தினமும். நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த நேரம், ஒரே புழுதி. யூரியாத் தண்ணீர் ஜெர்மனியிலிருந்தே நீலக் கேன்களில் வந்தது. டிரைவர்களில் மூத்தவர் அழகர்சாமி. அழகு அண்ணே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர், அய்யாவை லாரிக் காலத்திலிருந்தே தெரிந்தவர், வெள்ளை மீசை, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வாய் ஓயாது. என்னைத் தாயி என்பார். டீட்டரைத் தொர என்பார்.

முதல் வாரம் அமோகமாகப் போனது. இரண்டாவது வாரம் அழகு அண்ணே வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்து மற்ற இரண்டிலும். பிறகு இழுவை போயிற்று. கொட்டாம்பட்டி தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்னால் வருகிற ஏற்றத்தில் அண்ணே நத்தை மாதிரி ஊர்ந்தார். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஆரன் அடித்தே அவர் மானத்தை வாங்கினார்கள்.

தெளிக்கும் நாசிலைக் கழற்றிப் பார்த்தோம். வாய் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்திருந்தது. டீட்டர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து செட்டுக்கு எதிரே பார்த்தார். எதிரே ஒரு உரக்கடை. வாசலிலேயே யூரியா மூட்டைகள்.

“இவர்கள் நம் கேன்களை விற்றுவிட்டு, அந்த யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள்,” என்றார்.

வண்டியின் யூரியாத் தொட்டியில் இருப்பதைக் கருவியில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக் காட்டினேன். அச்சு அசல் ஜெர்மன் தண்ணீர். சோதிப்போம் என்று தெரிந்து மாற்றி வைத்திருப்பார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை டீட்டர். கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவர். அவர் கண்ணுக்கு முன்னால் உப்பும் இருந்தது, உரக்கடையும் இருந்தது.

அழகு அண்ணே என் முகத்தைப் பார்த்தார்.

“தொர என்ன சொல்றாரு தாயி?”

நான் இழுத்தேன்.

“மறைக்காம சொல்லு. உரக்கடையவே பாக்குறாரு, எனக்குப் புரியாதா? நாங்க திருடிட்டோம்னு சொல்றாரு, அம்புட்டுத்தான?”

ஆமாம் என்றேன். அண்ணே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “முப்பது வருசமா வண்டி ஓட்டுறேன். ஒரு லிட்டர் டீசல் திருடுனதில்ல. இந்தப் பேரு வெளிய போச்சுன்னா மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவுல எவன் என்கிட்ட சாவியக் குடுப்பான்?” என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்புவேன், டிரைவர்களின் மோசடி என்று எழுதுவேன், வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் டீட்டர். அறிக்கை போனால் மூன்று பேரின் பிழைப்பும் போகும். என் பேச்சை நம்பி இனி ஒருவரும் ஒரு சைக்கிளைக்கூட மதுரைக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் விளக்கு பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அண்ணே பொய் சொல்ல மாட்டார் என்றும் தெரியும். இரண்டும் உண்மை என்றால் நாசில் எப்படி அடைத்தது?

4

மறுநாள் அழகு அண்ணே வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தேன். புது நாசில் மாட்டியிருந்தோம். “நீயும் எங்களச் சோதிக்கத்தான் வாரியா?” என்றார். பேச்சில் பழைய கலகலப்பு இல்லை.

கொட்டாம்பட்டியில் டீக்கடை முன்னால் ஓரங்கட்டினார். எஞ்சின் நின்றது. நான் இந்தப்பக்கம் இறங்கினேன், அவர் அந்தப்பக்கம். அப்போது வண்டிக்கு அடியில் ‘உர்’ என்று ஒரு சத்தம் எழும்பியது. எழும்பிய வேகத்தில் கத்தரித்த மாதிரி நின்றுபோனது.

கை டீ கிளாசுக்கு நீண்டிருந்தது. அப்படியே திரும்பினேன். ஜெர்மனியில் சோதனை மைதானத்தில் அந்தச் சத்தத்தை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எஞ்சின் நின்ற பிறகு ஒரு பம்பு கொஞ்ச நேரம் தனியாக ஓடும். குழாயிலும் நாசிலிலும் மிச்சமிருக்கும் யூரியாத் தண்ணீரை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பாதியில் ஒருநாளும் நின்றதில்லை.

“அண்ணே, இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க.”

“டீ ஆறிப்போகும் தாயி.”

“ஆறட்டும்ண்ணே, வேற சொல்றேன்.”

நான் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் நின்றேன். எஞ்சினை அமர்த்தினார். கதவைத் திறந்தார். கால் தரையில் பட்டதும் படாததுமாக, எதையும் பார்க்காமலே அவர் கை பின்னால் போய்ப் பேட்டரி சுவிட்சைத் திருகியது. ‘உர்’ செத்துப்போனது.

“அதை ஏன் அணைச்சீங்க?”

அண்ணே என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எத? பேட்டரியவா? எறங்குனா அணைக்கணும்ல? பேட்டரிய ஆன்ல விட்டுட்டு எறங்குறது அடுப்ப எரியவிட்டு வீட்டப் பூட்டுற மாதிரி. உங்க அய்யா உனக்குச் சொல்லித் தரலியா?”

சொல்லித் தரவே வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த காரியம். நம் லாரிகளில் கூடுதல் லைட்டு, ஏர் ஆரன், டேப் ரிக்கார்டர், சாமி படத்துக்குச் சீரியல் பல்பு என்று ஒயருக்கு மேல் ஒயர் ஓடும். எங்காவது உரசினால் வண்டியே எரிந்துவிடும். அதனால் டீ குடிக்க இறங்கினாலும், ஒதுங்க இறங்கினாலும் முதலில் மெயின் சுவிட்சு. அய்யா அப்படித்தான் செய்வார். லாரி ஓட்டுகிற என் சொந்த அண்ணனும் அப்படித்தான். தினமும் கண்ணெதிரே நடப்பது எனக்கே கண்ணில் படவில்லை என்றால் டீட்டருக்கு எங்கே படும்? ஜெர்மனியில் எங்கள் சோதனை டிரைவர்கள் பேட்டரியைத் தொடாமல் சாவியை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள்.

இங்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பம்பின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தோம். மிச்சத் தண்ணீர் சூடான நாசிலிலேயே காய்ந்து உப்பாகிவிட்டது. கணினிக்கும் அதே கதி. மின்சாரம் போனதை அது குறித்துவைக்க அவகாசமே இல்லை. அதனால்தான் என்னிடமும் தடயம் இல்லை.

நான் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“என்ன தாயி, பேய் பிடிச்சிருச்சா?”

“நீங்க திருடலண்ணே!” என்று கத்தினேன்.

“அதத்தான நான் நேத்தே சொன்னேன்,” என்றார்.

5

டீட்டர் லேசில் நம்பவில்லை. டீ குடிக்க ஐந்து நிமிடம் இறங்குகிறவன் பேட்டரியை ஏன் அணைக்க வேண்டும் என்றார். வாதாடவில்லை நான். காரில் கூட்டிவந்து கொட்டாம்பட்டி டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். லாரிகள் வந்து வந்து நின்றன. நெல்லு லாரி, வைக்கோல் லாரி, வாழைத்தார் லாரி. ஒவ்வொரு டிரைவரும் இறங்கினார். ஒவ்வொரு கையும் சுவிட்சுக்குப் போனது. வாழைத்தார் லாரி வருவதற்குள் டீட்டரின் முகம் மாறிவிட்டது. இரண்டாவது டீ அவரே கேட்டு வாங்கினார்.

ஆனாலும் அவர் அவர்தான். “இது சாத்தியம் என்று தெரிகிறது. நிரூபணம் ஆகவில்லை,” என்றார். அறிக்கையை மட்டும் நிறுத்திவைத்தார். வண்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், பேட்டரியை உடனே அணைக்காதே என்று எழுதி, என்றார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடமாக வண்டியையும் லோடையும் தீயிலிருந்து காப்பாற்றிய பழக்கம் அது. அதை விடச் சொல்ல நாம் யார்? டிரைவர் சுவிட்சைத் திருகட்டும். மற்ற எல்லாமும் அணையட்டும். பம்புக்கும் கணினிக்கும் மட்டும் தனி ஒயர், தனி ஃபியூஸ், கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துத் தானாகத் துண்டிக்கும் ஒரு ரிலே. மனிதனை மாற்றுவதைவிட ஒயரை மாற்றுவது சுலபம் என்று, ஜெர்மன் இலக்கணத்தைக் காற்றில் பறக்கவிட்டுச் சத்தம் போட்டேன். அன்று மாலையே டவுன்ஹால் ரோட்டில் ரிலே வாங்கி, செட்டில் வைத்து மூன்று வண்டிகளுக்கும் நானே பூட்டினேன். அழகு அண்ணே டார்ச் பிடித்தார். “கருப்பையா மகள்னா சும்மாவா!” என்று பக்கத்துச் செட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஜெர்மனியில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு புகார் மூட்டையே இருந்தது. காரணம் தெரியாமல் மஞ்சள் விளக்கு எரியும் வண்டிகள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் ஏற்றும் டேங்கர்கள். தீப்பிடிக்கும் சரக்கு. நின்றவுடன் பேட்டரியைத் துண்டிப்பது அந்த டிரைவர்களுக்கும் பழக்கம். அத்தனை பெரிய இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட புகாருக்குக் கொட்டாம்பட்டி டீக்கடையில் விடை கிடைத்திருந்தது! அந்தத் தனி ஒயர் இப்போது எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் போகிறது. கூட்டத்தில் டீட்டர் இதைச் சொன்னபோது எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இங்கே அப்படித்தான் பாராட்டுவார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதில் என்ன வெட்கம்?

மதி இந்த இடத்தில், “அந்த டேங்கர் சத்தம் நீ செஞ்சதா அம்மா?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

6

இனி ஒத்தக்கடைக்குத் திரும்பலாம். ரிலே பூட்டியாயிற்று, நாசில் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் மஞ்சள் விளக்கு உடனே அணையாது. தொடர்ந்து சில ஓட்டங்கள் ஒழுங்காகப் போனால்தான் கணினி நம்பும். நம்பிய பிறகுதான் இழுவையைத் திருப்பிக் கொடுக்கும். அந்த விதியை எழுதியவள் நான்தான். அந்த இரண்டு நாட்கள் என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அழகு அண்ணே வண்டியில் டீட்டரும் ஏறினார். நடுவில் நான். முழு லோடு. வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. கொட்டாம்பட்டியில் டீ குடித்தோம். அண்ணே வழக்கம்போல இறங்கினார், வழக்கம்போலச் சுவிட்சைத் திருகினார். ‘உர்ர்’ என்று பம்பு தன் பாட்டுக்கு ஓடி முடித்தது. டீட்டர் குனிந்து நின்று அதைக் கடைசிவரை கேட்டார்.

மறுபடி ஏறினோம். அண்ணே சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒருமுறை பளிச்சிட்டு ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் விளக்கும் அணைந்தது. மறுபடி வருகிறதா என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் அந்த ஏற்றம் வந்தது. முன்னால் ஒரு வைக்கோல் லாரி திணறிக்கொண்டிருந்தது. அண்ணே மீசையைத் தடவிக்கொண்டார், காலை அழுத்தினார். வண்டி குதிரை மாதிரி எகிறியது. வைக்கோல் லாரியை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே ஏறினோம். நான் சீட்டில் உட்கார்ந்தபடியே விசில் அடித்தேன். விடுதியில் படித்த வித்தை.

“தொர மூஞ்சியப் பாரு தாயி! என்ன சொல்றாரு?”

டீட்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். “நான் தவறாகக் குற்றம் சாட்டினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற இருவரிடமும் செட்டில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்பேன். இதை அவரிடம் சொல்லுங்கள்,” என்றார். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அண்ணே கண் சாலையிலேயே இருந்தது.

“நாங்க சொன்னப்ப நம்பல. வண்டி சொன்னதும் நம்பிட்டாரு. போகட்டும், வண்டியாச்சும் எங்க பக்கம் சாட்சி சொல்லுச்சே.”

அதையும் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். டீட்டரின் முகம் சிவந்துவிட்டது. தலையை ஆட்டினார். பிறகு என் முன்னால் எட்டி, அழகு அண்ணேயிடம் கையை நீட்டினார்.

அண்ணே அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு தாயி. ஏத்தம் முடியட்டும். மேல போயி கை குடுக்குறேன்.”